விற்ற காரின் வெள்ளிக்கிழமைகள்

போலீஸ் அலுவலக ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த எழுத்தர் பெண் கணினித் திரையைப் பார்த்தாள், நஷ்வாவின் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அரசாங்க ஜன்னலில் குரல் தாழ்ந்தால் நல்ல சேதி வராது என்பது தாந்தா ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"அம்மா பேரு இன்ஸாஃப் தானே?"

"ஆமா. என்னாச்சு?"

"வெள்ளை லானோஸ் கார் வச்சிருக்கியா?"

"வச்சிருந்தேன். அதை வித்து மூணு வருஷம் ஆச்சு."

"நீதான் அதை விட்ட, அது உன்னை விடல. போன ரம்ஜானுக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை விவசாய ரோட்டுல எதிர்த்திசையில போயிருக்கு. போலீஸ் கை காட்டியும் நிக்கல. கேஸுக்கு நீ வரல. நீ இல்லாமலே தீர்ப்பு சொல்லிட்டாங்க. ஒரு வருஷம் ஜெயில்."

"எனக்கா?"

"பின்னே எனக்கா? சத்தம் போடாதே. உள்ள ஆபீசர் டீ குடிச்சிட்டிருக்காரு. உன் பேரை நான் இன்னும் படிக்கவே இல்லை, புரியுதா? திரும்பிப் பாக்காம நடந்து வெளிய போ. அடுத்த தடவை வக்கீலோட வா. தனியா வந்தா இங்கிருந்து நேரா லாக்கப்தான்."

நஷ்வா நடந்தாள். முகம் கோபத்தில் இறுகியிருந்தது. அவள் அங்கே வந்தது ஒரே ஒரு காகிதத்துக்காக. 'இவர் மேல் குற்றம் ஏதுமில்லை' என்ற நற்சான்று. குடிநீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வருஷா வருஷம் ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் நிரந்தர வேலை உத்தரவு வரப்போகிறது. அந்தக் காகிதம் இல்லையென்றால் உத்தரவும் இல்லை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். முதல் ஆளாக ஜெயிலுக்கும் போகலாம் போலிருக்கிறது என்று நினைத்தபோது, சிரிப்பு மாதிரி ஒன்று தொண்டை வரை வந்து கசந்தது.

தாந்தாவில் காரை விற்பவர்கள் யாரும் காரை விற்பதில்லை. பவர் எழுதிக் கொடுக்கிறார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு பவர் பத்திரம், அதில் 'இவர் இந்தக் காரை யாருக்கும் விற்கலாம், தனக்கே கூட விற்றுக்கொள்ளலாம்' என்று ஒரு வரி, சாவி கைமாறிவிடும். போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை மாற்றுவது பைத்தியக்காரர்கள் வேலை. எத்தனை கட்டணம், எத்தனை முத்திரை, எத்தனை இளிப்பு. அதனால் கார் ஊரெல்லாம் சுற்றும், பெயர் மட்டும் முதல் ஆளின் தலையில் உட்கார்ந்திருக்கும். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். படிக்காதவர்கள் மட்டுமா இப்படிச் செய்கிறார்கள்? வேதியியலில் பட்டம் வாங்கிய நஷ்வாவும் இதைத்தான் செய்தாள். அன்றைக்கு அவளுக்கு அந்தக் கார் கண்ணில் படாமல் தொலைந்தால் போதும் என்றிருந்தது.

அது அவள் அண்ணன் ஹாஸிம் ஓட்டிய கார். அவளுடைய சம்பளச் சீட்டைக் காட்டிக் கடன் வாங்கியதால் அவள் பெயரில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சவாரி ஒன்றை இறக்கிவிட்டு ஊர் திரும்பும்போது, விவசாய ரோடு என்கிற நெடுஞ்சாலையில் ஆரஞ்சுத் தோப்புக்கு எதிரே பின் சக்கரம் காற்றுப் போய்விட்டது. ஓரம் கட்டி நிறுத்தினான். சக்கரம் மாற்ற இறங்கினான். மதியத் தொழுகைக்கு ஜும்ஆ பாங்கு சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், செங்கல் ஏற்றி வந்த லாரி அவனை அடித்தது. காருக்கு ஒரு கீறல் கூட இல்லை. சொட்டு ரத்தம் இல்லாமல், கழுவி வைத்தது போல, கார் மட்டும் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. நாற்பதாம் நாள் ஓதுவதற்கு முன்பே நஷ்வா அதை விற்றுவிட்டாள்.

வக்கீல் ஃபாயெஸின் அலுவலகம் பொரிகடலை மிட்டாய்க் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வறுபடும் கடலை வாசனையில் அவர் வழக்கு நகலைப் புரட்டினார்.

"இதெல்லாம் ஒரு கேஸாம்மா? பவர் பத்திரத்தோட நகலை எடு. தேதியைக் காட்டி ஆட்சேபணை மனு போடலாம். ஆனா ஜட்ஜ் ஒண்ணு கேப்பாரு. அப்ப ஓட்டினது யாருன்னு. வாங்கின ஆளு வந்து 'நான்தான்'னு சொன்னா அன்னிக்கே முடிஞ்சிரும். அவன் வரலைன்னா இழுப்பாங்க, நீ அலையணும்."

"அவரை நான் கூட்டிட்டு வரேன், உஸ்தாத். முடியைப் புடிச்சு இழுத்துட்டாவது வரேன்."

"வழுக்கையா இருந்தா?"

அவள் சிரிக்கவில்லை. போலீஸ் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். இடம்: விவசாயச் சாலை, ஆரஞ்சுத் தோப்புக்கு எதிரே. நேரம்: வெள்ளிக்கிழமை, ஜும்ஆ பாங்குக்குச் சற்று முன். ஓட்டியவர் ஆண், முகம் தெரியவில்லை. அருகில் கறுப்புடை அணிந்த ஒரு பெண்.

படித்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"என்னம்மா, வெளுத்துப் போயிட்ட?"

"இந்த இடத்துலதான் எங்கண்ணன் செத்தான்."

ஃபாயெஸ் பேனாவை மூடினார். "பிஸ்மில்லாஹ்" என்று முணுமுணுத்துவிட்டு, டீ வரவழைத்தார்.

நஷ்வா தண்ணீரில் குளோரின் பார்க்கிறவள். பேய், பிசாசு, கண்ணேறு என்று யாராவது ஆரம்பித்தால் மூஞ்சியில் அடித்தாற்போல் பேசுகிறவள். ஆனால் அந்த வாரம் முழுக்க அவளுடைய படிப்பு அவளுக்கு உதவவில்லை. தெருவில் வெள்ளைக் கார் எது திரும்பினாலும் கழுத்து தானாகத் திரும்பியது. ஆய்வகத்தில் குழாயைத் திறந்தால் பின்னால் ஹாரன் கேட்டது. ஹாஸிம் அடிக்கிற மாதிரியே, குட்டையாக இரண்டு தரம். அவன் இன்னும் அந்த ரோட்டில் போய்க்கொண்டுதான் இருக்கிறானோ? எதிர்த்திசையில் போகிறான் என்றால், வந்த வழியே உயிருக்குத் திரும்பப் பார்க்கிறானோ? பக்கத்தில் இருக்கும் அந்தக் கறுப்புடைப் பெண் யார்? இப்படியெல்லாம் யோசித்துவிட்டு, 'சீ, படிச்ச கழுதை' என்று தன்னையே திட்டிக்கொள்வாள். அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. இன்ஸாஃப் தன்பாட்டுக்கு, ஒவ்வொரு வெள்ளியும் செய்வதுபோல, காலையிலேயே கறுப்பு அபாயா அங்கியை மாட்டிக்கொண்டு, ஹாஸிமை அடக்கிய கபரஸ்தானுக்குப் போய் வந்தாள்.

காரை வாங்கிய ஷஹாத்தா கால்வாய்க்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருந்தார். வாத்தியார்களைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏற்றி இறக்குவது பிழைப்பு. குட்டையான, வட்டமான மனிதர். அவளைக் கண்டதும் கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"வந்துட்டியாம்மா? நீ வருவன்னு ரொம்ப நாளா எதிர்பார்த்துட்டிருந்தேன்."

"ஏன் வர மாட்டேன்? ஜெயிலுக்கு அனுப்பிட்டீங்களே என்னை! எதிர்த்திசையில ஓட்டத் தெரியுது, பேர் மாத்தத் தெரியலையா உங்களுக்கு?"

"ஜெயிலா?" அவர் உண்மையாகவே திடுக்கிட்டார். "சத்தியமா தெரியாதும்மா. எனக்குக் காகிதமே வரல."

"எப்படி வரும்? பேரு என்னோடதாச்சே!"

அவர் அவளை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். மல்பெரி மரத்தடியில் கார் நின்றது. கதவைத் திறந்தார். ஓட்டுநர் இருக்கை கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது, ஹாஸிமின் நீளக் கால்களுக்கு ஏற்ற மாதிரி. ஷஹாத்தாவின் கால் அங்கிருந்து மிதிகளுக்கு எட்டவே எட்டாது. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள இரண்டு தலையணைகளை ஒன்றாகத் தைத்து வைத்திருந்தார்.

"இது என்ன கூத்து? சீட்டை முன்னால இழுக்க வேண்டியதுதானே?"

"ஹஜ்ஜா விடல."

"எந்த ஹஜ்ஜா?"

"எந்த ஹஜ்ஜாவா? உன் அம்மாதான்."

மல்பெரி இலை ஒன்று முன்கண்ணாடியில் விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஷஹாத்தா சொல்லச் சொல்ல, அவளுக்குக் காது மட்டும்தான் இருந்தது.

கார் வாங்கிய முதல் வெள்ளிக்கிழமையே இன்ஸாஃப் வந்துவிட்டாளாம். சும்மா கொஞ்ச நேரம் உள்ளே உட்காருகிறேன் என்றாளாம். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் யார் முடியாதென்று சொல்வார்கள்? மறு வாரம், தோப்பு வரைக்கும் போகலாமா என்றாளாம். அன்றிலிருந்து ஒரு வெள்ளி தப்பியதில்லை.

"அங்க போயி என்ன பண்றாங்க?"

"ஒண்ணுமே பண்றதில்லம்மா. ஓரமா நிறுத்தச் சொல்வாங்க. பாங்கு ஆரம்பிக்கும். என் சட்டைக் கையைப் புடிச்சுக்குவாங்க. 'இறங்காதடா கண்ணு, டயரு கெடக்குது, இறங்காத'ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. பாங்கு முடிஞ்சதும் ஒரு பெருமூச்சு விட்டு, 'சரி, இப்ப போ'ம்பாங்க. திரும்பி வரப்ப முகம் அப்படியே தெளிஞ்சு கெடக்கும். எனக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுப்பாங்க."

"போலீஸ் புடிச்ச அன்னிக்கு?"

"அன்னிக்குக் கிளம்ப நேரமாயிருச்சு. தோப்பு எதிர்ப்பக்கம்ல? நேரா போயி, வளைவுல திரும்பி வரணும். அது கெடக்கு எங்கியோ. முன்னாலயே நடுச்சுவரு ஒரு இடத்துல உடைஞ்சிருக்கு. ஊரே அதுல பூந்து எதிர்த்தாப்ல போகும். அன்னி வரைக்கும் நான் அதுல பூந்ததில்ல. 'பாங்கு சொல்லிருவாங்க, பூந்துரு'ன்னு கத்துனாங்க. பூந்தேன். போலீஸ்காரன் கை காட்டினான். 'நிக்காதே'ன்னாங்க. நிக்கல."

"நீங்க என்ன பச்சப்புள்ளையா? முடியாதுன்னு சொல்லத் தெரியாதா? காரை வித்துத் தொலைச்சிருக்கலாம்ல?"

"வித்தேனே! ரெண்டு பேருக்கு வித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஹஜ்ஜா அவங்க வாசல்லயும் போயி நின்னுட்டாங்க. திருப்பிக் கொண்டாந்து வீசிட்டுப் போயிட்டானுங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. குரல் இறங்கியது. "நான் கோர்ட்டுக்கு வரேன். நான்தான் ஓட்டினேன்னு சொல்றேன். தண்டனையை நான் வாங்கிக்கறேன். ஆனா நீ இந்தக் காரைத் திருப்பி எடுத்துக்கணும். பவரை ரத்து பண்ணிடு. வித்துட்டுப் பணத்தை மெதுவா குடு. குடுக்காட்டியும் போகுது."

"ஏன்?"

ஷஹாத்தா சுற்றுமுற்றும் பார்த்தார், மனைவி கேட்கிறாளா என்று.

"அவங்க 'இறங்காத, இறங்காத'ன்னு சொல்லச் சொல்ல, என் கை தானா கதவுப் பிடிக்குப் போகுதும்மா. நான் கொண்டு போகல. அது போகுது. போன மாசம் கதவைத் திறந்தே புட்டேன். ஒரு காலை வெளிய வச்சுட்டேன். லாரிக் காத்து என் மூஞ்சில அடிச்சுது. எனக்கு நாலு பொண்ணுங்க."

வீட்டுக்கு வந்தபோது இன்ஸாஃப் கத்தரிக்காய்களின் உள்ளைக் குடைந்துகொண்டிருந்தாள், அரிசி அடைப்பதற்கு. நஷ்வா செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"கபரஸ்தானுக்குத்தான் போறியா நீ? எந்தக் கபரஸ்தான்? டயரு போட்ட கபரஸ்தானா?"

இன்ஸாஃப் தலை நிமிரவில்லை. "ஷஹாத்தா சொல்லிட்டானா? வாய் நிக்காத பய."

"எனக்கு ஜெயில் தண்டனை போட்டிருக்காங்கம்மா. உன்னால!"

கத்தி நின்றது. அது மட்டும் அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. மறுபடி குடைய ஆரம்பித்தாள், மெதுவாக.

"நாப்பது கூட ஆகல. அவன் சட்டை கொடியில காயறப்பவே வித்த நீ. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"என் பேர்ல இருந்த காரு. பார்க்கப் பார்க்க வயிறு எரிஞ்சுது. வித்தேன்."

"பேரு உன்னோடது. உசுரு அவனோடது."

"அவன் உசுரு அந்தக் காருக்குள்ள போகலம்மா! ரோட்டுல போச்சு. இறங்கினதாலதானே போச்சு!"

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றாள் இன்ஸாஃப், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற நிதானத்தோடு. "இறங்கலைன்னா போகாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் அவனை இறங்க விடல. பாங்கு முடியற வரைக்கும் இருக்கான், நஷ்வா. என் கைக்குள்ள சட்டை சூடா இருக்கு."

நஷ்வாவுக்கு மயிர் கூச்செறிந்தது. அது பயமா ஆத்திரமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

"அது ஷஹாத்தாவோட சட்டைம்மா. அந்த ஆளுக்கு நாலு பொண்ணுங்க இருக்கு. செத்தவனை வாரா வாரம் காப்பாத்துற, உசுரோட இருக்கற என்னை யாரு காப்பாத்துறது? என்னை உள்ள போட்டா எந்தக் கதவைப் புடிச்சுக்கிட்டு நிப்ப?"

"அவன்தான் உன்னைப் படிக்க வச்சான்."

"தெரியும்! பிறந்த நாள்லருந்து அதைத்தான் கேட்டுட்டிருக்கேன். ஊர்ல எல்லாரும் சொல்லிட்டாங்க, கழுதை மட்டும்தான் பாக்கி. அதுக்கு நான் என்ன பண்ணணும்? நானும் போயி லாரி முன்னால நிக்கவா?"

இன்ஸாஃப் கத்தியை வைத்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அவன் செத்த அன்றைக்கும் இல்லை, அடக்கம் செய்த நாளிலும் இல்லை.

"காரைத் திருப்பி வாங்கு" என்றாள். "அப்புறம் நீ சொல்றதைக் கேக்கறேன்."

ஷஹாத்தாவும் அம்மாவும் ஒரே விலையைத்தான் சொன்னார்கள். ஒருவர் காரை விட்டு ஓட, மற்றவர் அதைக் கட்டிக்கொள்ள. நடுவில் அவளுடைய பெயர்.

வாங்கினாள். வேறு வழி? ஷஹாத்தாவும் சொன்ன சொல் மாறாமல், கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தார். ஆட்சேபணை மனு போடுகிறவர்கள் முதலில் தங்களை ஒப்படைக்க வேண்டும். அதனால் நஷ்வா, முறை வரும்வரை, இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் ஒரு செருப்புத் திருடிக்கும் கள்ள நகை விற்றவளுக்கும் நடுவில் நின்றாள். "நீ என்ன பண்ணினடி கண்ணு?" என்று செருப்புத் திருடி கேட்டாள். "ஒண்ணும் பண்ணல." "நாங்களும்தான்" என்று அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

நீதிபதி பவர் பத்திரத்தின் தேதியைப் பார்த்தார். ஷஹாத்தாவைப் பார்த்தார்.

"போலீஸ் கை காட்டியும் ஏன்யா நிக்கல?"

"பக்கத்துல ஒரு தாய் உக்காந்திருந்தாங்க, ஐயா. நிக்காதேன்னாங்க."

"சட்டத்தோட கையை விட உனக்குத் தாயோட வாய் பெருசா?"

"அந்த ரோட்டுல அப்படித்தான், ஐயா."

மண்டபம் சிரித்தது. நீதிபதியும் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் சிரித்தார். நஷ்வா விடுவிக்கப்பட்டாள். ஷஹாத்தாவுக்கு அபராதமும், மறுபடி தப்பு செய்தால் மட்டும் அனுபவிக்க வேண்டிய சிறைத் தண்டனையும். வாசலில் அவர் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். தைத்த தலையணைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். இவ்வளவு லேசாக ஒரு மனிதன் நடந்து அவள் பார்த்ததில்லை.

நற்சான்று கிடைத்தது. அதை நிறுவனத்தில் கொடுத்து, உத்தரவு கையெழுத்தாகும் என்ற பதிலையும் வாங்கி வந்தாள். காருக்கும் கஃப்ர் அல்-ஷேக் ஊரிலிருந்து வாங்க ஆள் பார்த்தாயிற்று. இந்த முறை பவரும் கிடையாது, கிவரும் கிடையாது. சனிக்கிழமை காலை போக்குவரத்து அலுவலகத்துக்கே போய், வரிசையில் நின்று, பெயர் மாற்றித்தான் கொடுப்பாள். இடையில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது.

"ஒரே ஒரு தடவைதான்" என்று அம்மாவிடம் விரல் காட்டிச் சொன்னாள். "நான் ஓட்டறேன். பாத்துக்கோ. அதோட சரி."

"சரி" என்றாள் இன்ஸாஃப், அடங்கின பிள்ளை மாதிரி.

நஷ்வா இருக்கையை முன்னால் இழுத்தபோது அது கிறீச்சிட்டது. இன்ஸாஃப் கண்ணை மூடிக்கொண்டாள்.

விவசாய ரோடு தக்காளி லாரிகளால் அடைத்துக் கிடந்தது. தோப்பு எதிர்ப்பக்கம் தெரிய ஆரம்பித்தது. நடுச்சுவர் உடைப்பு வந்தது. முன்னால் போன மூன்று சக்கர வண்டியும் மினிபஸ்ஸும் கூசாமல் அதற்குள் புகுந்து எதிர்த்திசையில் போயின. இன்ஸாஃப் முன்பலகையை இரு கையாலும் பிடித்தாள்.

"பூந்துரு."

"மாட்டேன்."

"நூறு அடிதான் நஷ்வா, யாருமே இல்ல. போலீஸ் கூட இல்ல. பூந்துரு!"

"என் பேரை இப்பதான் கழுவிட்டு வந்திருக்கேன். மாட்டேன்னா மாட்டேன்."

நேராகப் போனாள். வளைவு எங்கோ கிடந்தது. அங்கேயும் கூட்டம். ஒரு தக்காளி லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுகொண்டு முன்னும் பின்னுமாக ஆடியது. ஹாரன்கள், வசவுகள். அதற்கு நடுவே, வயலுக்கு அப்பால் ஏதோ ஒரு பள்ளிவாசலில் ஒலிபெருக்கி கரகரத்து, பாங்கு ஆரம்பித்தது. பக்கத்து இருக்கையிலிருந்து நீண்ட இன்ஸாஃபின் கை, நஷ்வாவின் சட்டையைத் தொட்டுவிட்டு, இது அது இல்லை என்பதுபோல் திரும்பிப் போய் மடியில் விழுந்தது. லாரி விலகுவதற்குள் பாங்கு முடிந்துவிட்டது.

தோப்புக்கு எதிரே நஷ்வா ஓரம் கட்டினாள். வெயில். ஓரத்து மண்ணில் நசுங்கிய ஆரஞ்சுத் தோல்கள். லாரிகள் போகிற ஒவ்வொரு முறையும் கார் ஒருக்களித்து ஆடியது. அவளுடைய கை கதவுப் பிடியில் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

இன்ஸாஃப் முன்கண்ணாடி வழியாகப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, பின் சக்கரம் இருக்கிற பக்கம், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கிட்டான்" என்றாள்.

பிறகு அழுதாள். மூன்று வருஷமாக அழாத அழுகை. சத்தமாக, அசிங்கமாக, மூக்கு ஒழுக, மார்பில் அறைந்துகொண்டு. யாரோ இப்போதுதான் ஓடிவந்து சாவுச் சேதி சொன்ன மாதிரி. நஷ்வா அவளை அணைத்துக்கொள்ளவில்லை, அவளுக்கு அது வராது. செத்துப் போயிட்டான்மா, எப்பவோ செத்துப் போயிட்டான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தோளுக்குப் பின்னால் சக்கரத்தருகே யாரோ குத்துக்காலிட்டு உட்கார்வது போலிருந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அழாதம்மா" என்றாள். "அடுத்த வாரம் சீக்கிரமே கிளம்பிடலாம்."